டர்போவா, சூப்பர்சார்ஜரா? ஹை கம்ப்ரஷன் எஞ்சின் உள்ள ஸ்போர்ட்ஸ் காருக்கு எது பொருந்தும்?

வளைவுப்பாதை:

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது டொயோட்டா ஜிடி86, மேனுவல் கியர். 2.0 லிட்டர் பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் வகை), 12.5:1 கம்ப்ரஷன் (சிலிண்டரில் கலவை அழுத்தப்படும் விகிதம்), 7,000 ஆர்பிஎம்மில் 200 ஹெச்பி, 205 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). ஸ்டியரிங், பேலன்ஸ், உட்காரும் நிலை எதிலும் எனக்குக் குறையே இல்லை. இதை விற்றுவிட்டு வேறு வண்டிக்குப் போகும் எண்ணமும் இல்லை.

ஒரே விஷயம்தான் உறுத்துகிறது. 3,500க்கும் 4,500க்கும் நடுவில் டார்க் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. இந்த எஞ்சினை ஓட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும். வளைவை முடித்து மூன்றாவது கியரில் வெளியே வரும்போது மிதித்தால் இழுவை இல்லை. இரண்டாவதுக்கு இறக்கினால் எஞ்சின் கத்துகிறது, வண்டியின் சமநிலையும் கலைகிறது.

260 முதல் 270 ஹெச்பி வந்தால் போதும். எஞ்சினைப் பிரித்து வலுவான ஃபோர்ஜ்டு பிஸ்டன், ராட் (பிஸ்டனை கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு) எல்லாம் போடும் திட்டம் இல்லை. ஓட்டுவது பெரும்பாலும் வளைவுகள் நிறைந்த மலைச்சாலை, அவ்வப்போது டிராக் டே. டர்போ கிட்டும் கிடைக்கிறது, சூப்பர்சார்ஜர் கிட்டும் கிடைக்கிறது. படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டர்போராஜா:

டர்போ. தயங்கவே வேண்டாம்.

பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எக்ஸாஸ்ட் வழியாகச் சூடாக வெளியே போகிறது. டர்போ அதில் ஒரு பகுதியைப் பிடித்து டர்பைன் என்ற சக்கரத்தைச் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிறது. அதே வேலைக்கு சூப்பர்சார்ஜர் கிராங்க்ஷாஃப்டிலிருந்து பெல்ட் மூலம் திருடித் தின்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஹெச்பியை அதைச் சுற்றவே செலவழிப்பதில் என்ன லாபம்?

உலகம் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பாருங்கள். கார்வெட் இசட்ஆர்1 2009இலும் 2019இலும் சூப்பர்சார்ஜரோடு வந்தது. இப்போதைய இசட்ஆர்1, 5.5 லிட்டர் இரட்டை டர்போ, 1,064 ஹெச்பி. கோனிக்செக் சூப்பர்சார்ஜரில் தொடங்கி அகேராவில் டர்போவுக்கு மாறியது. மினி கூப்பர் எஸ் அதே பாதை. ஆடியின் 3.0 லிட்டர் வி6உம் அதே பாதை.

ஸ்பேனர்செட்:

வளைவுப்பாதை, எது அதிக ஹெச்பி தரும் என்று தொடங்கினால் இந்த விவாதம் முடியாது. உங்களுக்கு வேண்டிய 270 ஹெச்பியை எல்லா வழியிலும் எடுக்கலாம். எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு டார்க் வேண்டும், அந்த டார்க்கை உங்கள் ராடும் கூலிங்கும் தாங்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எஞ்சின்களைப் பிரித்துச் சேர்ப்பதுதான் என் தொழில். அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், "சூப்பர்சார்ஜர்" என்று ஒரே பெயரில் சொல்வதால் வரும் குழப்பம். நடைமுறையில் அது மூன்று வேறு இயந்திரங்கள்.

ரூட்ஸ் வகை. அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை எடுத்த காற்றுத்தள்ளியிலிருந்து வந்தது. இது காற்றை உள்ளுக்குள் அழுத்துவதில்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு காற்றை அப்படியே தூக்கி மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) தள்ளுகிறது. எஞ்சின் விழுங்குவதைவிட அதிகம் தள்ளினால் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறும், அதுதான் பூஸ்ட். அளவு நிலையானது என்பதால் 2,000இலிருந்தே ஏறக்குறைய முழு பூஸ்ட் கிடைக்கும். ஈட்டனின் டிவிஎஸ் இதன் நவீன வடிவம்: ஒவ்வொரு ரோட்டரிலும் நான்கு லோப், 160 டிகிரி முறுக்கு.

ட்வின் ஸ்க்ரூ. ஸ்வீடனின் லிஷோல்ம் 1930களில் வடிவமைத்தது. இரண்டு திருகுகள் காற்றை உள்ளேயே நெரித்து வெளியே விடும். பூஸ்ட் ஏறும் விதம் ரூட்ஸைப் போலத்தான், சூடு மட்டும் குறைவு.

சென்ட்ரிஃபியூகல். இது பாதி டர்போ. டர்போவின் கம்ப்ரஸர் சக்கரத்தையே எடுத்துக்கொண்டு, டர்பைனுக்குப் பதில் பெல்டும் கியரும் மாட்டினால் இதுதான். இதில் பூஸ்ட், வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 7,400இல் 0.55 பார் வரும்படி புல்லி போட்டால் 3,700இல் பாதி கிடைக்காது, கால்வாசிதான் கிடைக்கும்: 0.14 பார். உங்கள் பள்ளம் இருக்கும் அதே இடத்தில் இதனால் கிடைக்கும் உதவி மிகக் குறைவு.

"சூப்பர்சார்ஜர் போட்டேன், கீழே ஒன்றுமே தெரியவில்லை" என்று ஒருவரும், "ஐட்லிலிருந்தே பிய்த்துக்கொண்டு போகிறது" என்று இன்னொருவரும் சொன்னால் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இரண்டு பேரிடமும் இருப்பது வேறு வேறு இயந்திரம்.

டர்போராஜா:

வகைகள் எல்லாம் சரி. திருட்டுக்கு என்ன பதில்?

ஸ்பேனர்செட்:

> சூப்பர்சார்ஜர் கிராங்க்ஷாஃப்டிலிருந்து பெல்ட் மூலம் திருடித் தின்கிறது

எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்ப்போம். வெளிக்காற்று 30 டிகிரி, பூஸ்ட் 0.5 பார், அதாவது அழுத்த விகிதம் 1.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றை அழுத்தினாலே சூடேறும். எந்த இழப்பும் இல்லாத கம்ப்ரஸராக இருந்தால் 37 டிகிரி ஏறும். 72 சதவீதத் திறன் உள்ள நல்ல சென்ட்ரிஃபியூகல் அல்லது டர்போ கம்ப்ரஸரில் 52 டிகிரி ஏறி, காற்று 82 டிகிரியில் வெளியே வரும். 55 சதவீதத் திறன் உள்ள பழைய பாணி ரூட்ஸில் 68 டிகிரி ஏறி 98ஐத் தொடும். டிவிஎஸ் சரியான வேகத்தில் சுற்றினால் 70 சதவீதத்தைத் தாண்டும், அதனால் அதைப் பழைய ரூட்ஸோடு சேர்க்கக் கூடாது.

270, 280 ஹெச்பி எடுக்க நொடிக்குச் சுமார் 0.21 கிலோ காற்று வேண்டும். அதை இவ்வளவு சூடாக்கும் அளவுக்கு அழுத்த ஆகும் சக்தி, நல்ல கம்ப்ரஸரில் 15 ஹெச்பி, மோசமானதில் 19, 20. பெல்ட், கியர் உராய்வு தனி. உங்கள் அளவுக்குத் திருட்டு இவ்வளவுதான். 800 ஹெச்பி எஞ்சினில் இது பெரிய தொகையாகும். அங்கே நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். இசட்ஆர்1 மாறியதற்கும் அது ஒரு நல்ல காரணம்.

இன்னொன்று, டர்பைனும் இலவசம் இல்லை. எக்ஸாஸ்ட் பாதையில் சக்கரம் ஒன்றைக் குறுக்கே வைக்கிறோம். அதைச் சுற்றவைக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏற வேண்டும், அந்த அழுத்தத்தை எதிர்த்து பிஸ்டன் புகையைத் தள்ள வேண்டும். சீக்கிரம் ஸ்பூல் ஆகட்டும் (சக்கரம் வேகம் பிடிக்கட்டும்) என்று சின்ன டர்போ போட்டால், உயர் ஆர்பிஎம்மில் மேனிஃபோல்ட் அழுத்தம் பூஸ்டையே தாண்டிப் போகும். வெளியேறாமல் சிலிண்டரில் தங்கும் சூடான புகை, "நாக்" எனப்படும் கட்டுப்பாடற்ற வெடிப்பையும் கூட்டும். மொத்தக் கணக்கில் டர்போவுக்குத்தான் லாபம். ஆனால் "ஒன்றுமே செலவில்லை" என்பது சரியில்லை.

அந்த 82, 98 டிகிரியை எதற்குச் சொன்னேன் என்றால், இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) எவ்வளவு முக்கியம் என்று காட்டத்தான். 1.5 மடங்கு அழுத்தியும் 98 டிகிரிக் காற்றின் அடர்த்தி 1.22 மடங்குதான் ஆகிறது. 82இல் 1.28. அதையே 45 டிகிரிக்குக் குளிர்வித்தால் 1.43. எந்தக் கம்ப்ரஸர் என்பதால் வரும் வித்தியாசத்தைவிட நல்ல இன்டர்கூலர் இருக்கிறதா இல்லையா என்பதால் வரும் வித்தியாசம் பெரிது. கிட் விளம்பரத்தில் ஹெச்பியைப் பெரிதாகப் போட்டு இன்டர்கூலர் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

நாலாம்கியர்:

நான் அதிகம் ஓட்டுவது டிராக்கில், அந்தக் கண்ணோட்டத்தில் சொல்கிறேன்.

வளைவின் நடுவில், டயர் பிடியின் விளிம்பில் இருக்கும்போது வலது காலில் ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் எவ்வளவு டார்க் கூடும் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். பெல்டில் ஓடும் எந்த சூப்பர்சார்ஜரிலும் ஆர்பிஎம்முக்கும் பூஸ்டுக்கும் உள்ள உறவு நிலையானது. டர்போவில் அந்த நொடியில் சக்கரம் எவ்வளவு வேகத்தில் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். ஆக்ஸிலரேட்டரை விட்டு எவ்வளவு நேரம் ஆனது, எந்த கியர், வளைவு எவ்வளவு நீளம், இத்தனையையும் பொறுத்து ஒரே மிதிக்கு வேறு வேறு பதில் வரும். பின் சக்கரத்தில் ஓடும் லேசான வண்டியில், ஈரமான தரையில், அது விளையாட்டு இல்லை.

டிராக் டே பற்றி ஒரு விஷயம். டிராக்கில் நீங்கள் 5,000க்குக் கீழே வரவே மாட்டீர்கள், அங்கே உங்கள் பள்ளம் பொருட்டே இல்லை. டிராக் மட்டும்தான் என்றால் நான் சென்ட்ரிஃபியூகலைத்தான் சொல்வேன். மேலே ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும், எஞ்சினின் சுபாவம் மாறாது. ஆனால் நீங்கள் கேட்டது மலைச்சாலை.

அப்புறம் சூடு. டிவிஎஸ், ட்வின் ஸ்க்ரூ கிட்கள் பெரும்பாலும் தண்ணீர் இன்டர்கூலரோடு வரும். சாலையில் அருமையாக வேலை செய்யும். டிராக்கில் இடைவிடாமல் ஓட்டினால் அந்தத் தண்ணீரே சூடாகி, இன்டேக் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். இசியூ (எஞ்சினை ஆளும் கணினி) ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், வண்டி மந்தமாகும். முன்னால் உள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சரைப் பெரிதாக்கினால் தள்ளிப்போடலாம். டர்போவின் முன்பக்கக் காற்று இன்டர்கூலருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது ரேடியேட்டரின் முன்னால் உட்கார்ந்து, அதற்குப் போக வேண்டிய காற்றை மறைக்கும்.

வளைவுப்பாதை:

நாலாம்கியர், ஸ்பேனர்செட் இருவருக்கும் நன்றி. சென்ட்ரிஃபியூகல் பற்றிய அந்த வர்க்கக் கணக்கு எனக்குப் புதிது. நான் பார்த்து வைத்திருந்த இரண்டு கிட்டில் ஒன்று அதுதான்.

டர்போராஜாவிடம் ஒரு கேள்வி. 3,000இலேயே பூஸ்ட் தரும் சின்ன டர்போ போட்டால் பள்ளம் நிரம்பிவிடும் அல்லவா? அப்போது லேக் பிரச்சினையும் தீர்ந்ததுதானே?

டர்போராஜா:

நிரம்பும், நன்றாகவே நிரம்பும். ஆனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த ஆர்பிஎம்முக்கு மேல் டர்போவால் பூஸ்ட் தர முடியும் என்பது த்ரெஷோல்ட். அதற்கு மேலே இருக்கும்போது மிதித்த நொடிக்கும் பூஸ்ட் வரும் நொடிக்கும் உள்ள இடைவெளிதான் லேக். 2,000இல் மிதித்துவிட்டு "லேக்" என்று திட்டுபவர்கள் பெரும்பாலும் அனுபவிப்பது த்ரெஷோல்டை. கியர் இறக்கினால் அது போய்விடும். உண்மையான லேக் என்பது சக்கரம் வேகம் பிடிக்க ஆகும் நேரம்.

சின்ன டர்பைன், ட்வின் ஸ்க்ரோல், பால் பேரிங், குட்டையான பைப்பிங் இவை எல்லாமே அந்த நேரத்தைக் குறைக்கும். 1970களின் டர்போ காரை ஓட்டிவிட்டு இன்றைய டர்போவைத் தீர்ப்பளிக்கக் கூடாது. போர்ஷே 2024இல் 911 ஜிடிஎஸ்ஸுக்கு டர்போவின் தண்டிலேயே மின்மோட்டாரைப் பொருத்திவிட்டது, மிதித்த உடனே மோட்டார் சக்கரத்தைச் சுற்றிவிடும். அது இன்னும் கிட்டாக நம் கைக்கு வரவில்லை, ஆனால் லேக் என்பது தீராத நோய் இல்லை என்பதற்குச் சாட்சி.

டர்போவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பூஸ்டை மென்பொருளில் மாற்றலாம். டர்பைனைத் தவிர்த்துப் புகையை வெளியே விடும் வால்வான வேஸ்ட்கேட்டை இசியூ ஆளும். முதல் இரண்டு கியரில் குறைவாக, மேலே அதிகமாக என்று வைக்கலாம். ஃபெராரி 488 ஜிடிபி 2015இல் வந்தபோது முழு 760 நியூட்டன் மீட்டரை ஏழாவது கியரில்தான் கொடுத்தார்கள். கீழ் கியர்களில் டார்க் ஆர்பிஎம்மோடு படிப்படியாக ஏறும்படி வரைந்தார்கள். நாலாம்கியர் கேட்கும் அந்த நேர்கோட்டு உணர்வை டியூனிங்கில் ஓரளவு கொண்டுவரலாம். சூப்பர்சார்ஜரில் பூஸ்டை மாற்ற வேண்டும் என்றால் புல்லியைக் கழற்ற வேண்டும்.

நாலாம்கியர்:

கியருக்கு ஏற்ற பூஸ்ட் நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஃபெராரியின் பின்னால் ஒரு தொழிற்சாலையின் மொத்தச் சோதனை உழைப்பும் இருக்கிறது. நமக்கு டியூன் செய்து தருபவர் டைனோவில் (ஹெச்பி அளக்கும் மேடையில்) ஒரு நாள் வைத்துப் பார்ப்பார். வளைவின் நடுவில் பாதி மிதியில் வண்டி எப்படி நடக்கும் என்று டைனோ காட்டாது.

ஸ்பேனர்செட்:

வளைவுப்பாதையின் சின்ன டர்போ யோசனையில் எனக்கு இருக்கும் கவலை ராட்.

ராடை வளைப்பது ஹெச்பி இல்லை, சிலிண்டர் அழுத்தம். சிலிண்டர் அழுத்தம் உச்சத்தில் இருப்பது டார்க் உச்சத்தில் இருக்கும் இடத்தில். உயர் ஆர்பிஎம்மில் ராடை இழுத்துப் பார்க்கும் விசை வேறு, அது பூஸ்ட் இல்லாவிட்டாலும் இருக்கும்.

ஒரே 270 ஹெச்பியை இரண்டு விதமாக எடுப்பதாக வையுங்கள். டர்போ 3,500இலேயே 330 நியூட்டன் மீட்டரைக் கொட்டிவிட்டு மேலே மெல்ல இறங்கலாம். சென்ட்ரிஃபியூகல் எந்த இடத்திலும் 275ஐத் தாண்டாமல், 7,000 வரை ஏறிக்கொண்டே போய் அதே 270 ஹெச்பியைக் கொடுக்கும். உள்ளே இருக்கும் ராடுக்கும், கிளட்சுக்கும், கியர் பல்லுக்கும் இந்த இரண்டும் ஒன்றல்ல. இந்த எஞ்சினில் பூஸ்ட் போடும்போது முதலில் கவலைப்பட வேண்டிய பாகம் ராட்தான்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சினில், குறைந்த ஆர்பிஎம், அதிக பூஸ்ட், அதிக பளு மூன்றும் சேர்ந்தால் ஸ்பார்க் வருவதற்கு முன்னாலேயே கலவை தானாகப் பற்றிக்கொள்ளலாம். எல்எஸ்பிஐ என்பார்கள். சாதாரண நாக் மாதிரி டைமிங்கைக் குறைத்துச் சமாளிக்க முடியாது, ஒரே நிகழ்வில் பிஸ்டன் உடையலாம். ஆயிலில் உள்ள கால்சியம் சேர்மானமும் இதைத் தூண்டும் என்று தெரிந்த பிறகுதான் 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் என்ற தரமே வந்தது. அதனால் எந்த பூஸ்ட் கிட் போட்டாலும் அந்தத் தரமோ அதற்குப் பின்னால் வந்ததோ உள்ள ஆயிலைப் போடுங்கள். ஆறாவது கியரில் 1,800இல் தரையோடு மிதிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். டிவிஎஸ்ஸுக்கும் இது பொருந்தும், கீழேயே பூஸ்ட் தருவதுதானே அதன் சிறப்பு.

12.5:1 கம்ப்ரஷன் என்பதால் டைமிங்கில் விளையாட இடம் குறைவு. கிடைப்பதில் அதிக ஆக்டேன் பெட்ரோலை மட்டும் போட வேண்டும், டியூனும் அந்தப் பெட்ரோலில்தான் செய்ய வேண்டும். ஒரு நல்ல விஷயம், இந்த எஞ்சினில் நேரடி இன்ஜெக்டரோடு போர்ட் இன்ஜெக்டரும் (சிலிண்டருக்கு வெளியே, காற்று வரும் வழியில் தெளிப்பது) இருக்கிறது. கூடுதல் பெட்ரோலுக்குப் போர்ட் இன்ஜெக்டரைப் பெரிதாக்கினால் போதும், விலையுயர்ந்த ஹை பிரஷர் பக்கத்தைத் தொட வேண்டாம்.

புதுப்பயணி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரண்டையும் சேர்த்துப் போட்டால்? கீழே சூப்பர்சார்ஜர், மேலே டர்போ.

ஸ்பேனர்செட்:

செய்திருக்கிறார்கள், தம்பி. லான்சியா டெல்டா எஸ்4, 1985, ராலியின் குரூப் பி காலம். 1.8 லிட்டருக்கும் குறைவான எஞ்சினில் இரண்டும் சேர்ந்து ஆடிய ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. ஃபோக்ஸ்வாகன் 2005இல் 1.4 டிஎஸ்ஐயில் சாலைக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலை செய்தால் அழகு. வீட்டில் செய்ய வேண்டும் என்றால் இரண்டு மடங்கு பைப், வால்வு, சூடு, டியூனிங் சிக்கல், அத்தனையும் பாக்ஸர் எஞ்சினின் நெருக்கடியான அறைக்குள். வேண்டாம்.

மலைமேல்மேகம்:

மலைச்சாலை என்று சொன்னதால் ஒன்றை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 0.8 பார்தான். 1.5 மடங்கு அழுத்தும் சூப்பர்சார்ஜர் அங்கேயும் ஏறக்குறைய அதே 1.5 மடங்குதான் அழுத்தும். கடல் மட்டத்தில் மேனிஃபோல்டில் 1.52 பார், அங்கே 1.2 பார். சாதாரண எஞ்சின் இழக்கும் அதே விகிதத்தில் இதுவும் இழக்கும். டர்போவில் இசியூ 1.5 பார் வேண்டும் என்று கேட்டால் வேஸ்ட்கேட் மூடிக்கொள்ளும், சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும், கடல் மட்டத்து ஹெச்பியில் பெரும்பகுதி மேலேயும் கிடைக்கும். இரண்டாம் உலகப் போரில் உயரத்தில் பறக்கும் அமெரிக்க குண்டுவீச்சு விமானங்கள் டர்போவை நம்பியதற்குக் காரணமே இதுதான்.

ஆனால் அதற்கு விகிதம் 1.9ஐத் தொட வேண்டும். டர்போவில் அந்த இடம் இருக்க வேண்டும். "சின்ன டர்போ" என்று மிகச் சின்னதாக எடுத்தால் உயரத்தில் அளவு மீறிச் சுற்றும்.

டர்போராஜா:

மலைமேல்மேகத்துக்கு நன்றி. இது என் தரப்புக்கு வலுவான வாதம், நானே சொல்லியிருக்க வேண்டியது.

ஸ்பேனர்செட்:

நியாயமான வாதம். வளைவுப்பாதை ஓட்டும் உயரம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

பொருத்தும் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதை யாரும் விளம்பரத்தில் எழுத மாட்டார்கள்.

டர்போ என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாற்ற வேண்டும். இந்த வண்டியில் முதல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்த மேனிஃபோல்டோடு சேர்ந்தே இருக்கிறது. அது போனால் புகை விதிகளின் கேள்வி வரும். பல நாடுகளில் கிட்டுக்கு அனுமதிச் சான்று இல்லாமல் சாலையில் ஓட்ட முடியாது, காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லியாக வேண்டும். சூப்பர்சார்ஜர் எக்ஸாஸ்ட் பக்கம் கையே வைக்காது, அதனால் சான்று வாங்கிய கிட்கள் அந்தப் பக்கம் அதிகம்.

அடுத்தது ஆயில். டர்போ நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேல் சுற்றும். அதன் பேரிங்குக்கு எஞ்சின் ஆயில் போக வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். போவது அழுத்தத்தில் போகும், திரும்புவது வெறும் சரிவில்தான். பாக்ஸரில் எக்ஸாஸ்ட் போர்ட் கீழ்ப்பக்கம் பார்த்து இருப்பதால் டர்போவைத் தாழ்வாக வைக்கும் ஆசை வரும். தாழ்வாக வைத்தால் ஆயில் தானாகச் சம்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு) வடியாது, அதை உறிஞ்சித் தள்ளும் தனி ஸ்கேவெஞ்ச் பம்ப் வேண்டும். அது நின்றால் டர்போ சீல் வழியாக ஆயில் கசிந்து புகை கிளம்பும். வடிகால் குழாயின் சரிவைப் பார்க்காமல் எந்த டர்போ கிட்டையும் வாங்காதீர்கள்.

டர்பைன் பக்கம் 900 டிகிரிக்கு மேல் போகும். பக்கத்தில் உள்ள வயர், ரப்பர் ஹோஸ், பிரேக் லைன் எல்லாவற்றுக்கும் ஹீட் ஷீல்ட் வேண்டும். டிராக் ஓட்டம் முடிந்ததும் உடனே எஞ்சினை அணைத்தால் பேரிங்கில் நிற்கும் ஆயில் கருகி அடையாகும். மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு அணைக்க வேண்டும்.

சூப்பர்சார்ஜரின் தொல்லை பெல்ட். பூஸ்டைக் கூட்ட சின்ன புல்லி போட்டால் பெல்ட் தொடும் பரப்பு குறைந்து வழுக்கும். அப்போது மேலே போகப் போக பூஸ்ட் ஏறாமல் தட்டையாக நிற்கும், ரப்பர் வாசனை வரும். டிவிஎஸ் போட்டால் இன்டேக் மேனிஃபோல்டையே அகற்றிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். பிறகு அடியில் உள்ள எதை எட்டுவதும் கடினம். நல்ல கிட்டில் பைபாஸ் வால்வு இருக்கும், சீராக ஓட்டும்போது காற்றைச் சுற்றிவிட்டு இழப்பைக் குறைக்கும்.

சைலன்சர்:

சத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அது முக்கியம். டர்பைன் எக்ஸாஸ்டின் துடிப்பை விழுங்கிவிடும், எஞ்சினின் குரல் அடங்கிப்போகும். சூப்பர்சார்ஜரில் குரல் அப்படியே இருக்கும், மேலே ஒரு சீழ்க்கை சேரும். வாரக்கடைசியில் ஆசைக்காக எடுக்கும் வண்டியில் காதுக்கும் பங்கு உண்டு.

வளைவுப்பாதை:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன்.

மலைமேல்மேகம் சொன்னது யோசிக்க வைத்தது. நான் ஓட்டும் சாலைகள் 1,000 மீட்டருக்கு மேல் போவதில்லை, அதனால் அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது 3,500இலிருந்து 5,500 வரை, ஆக்ஸிலரேட்டரை மிதித்த அளவுக்குக் கிடைக்கும் டார்க். எஞ்சினைத் திறக்கப் போவதில்லை. எக்ஸாஸ்டையும் தொட விருப்பமில்லை. இதையெல்லாம் சேர்த்தால் டிவிஎஸ் கிட்டில் வந்து நிற்கிறேன், ஆனால் 0.5 பார் வேண்டாம். பெரிய புல்லியோடு 0.4 பார் போதும் என்று நினைக்கிறேன். 260 ஹெச்பி வராமல் 250இல் நின்றாலும் வருத்தமில்லை. டிராக் டேக்காக முன்னால் பெரிய ஹீட் எக்ஸ்சேஞ்சர், கூடவே ஆயில் கூலர்.

ஸ்பேனர்செட், இது சரியாக வருமா? டர்போராஜா, திட்டாதீர்கள்.

டர்போராஜா:

திட்ட என்ன இருக்கிறது, உங்கள் தேவைக்கு இது பொருந்துகிறது. என்றாவது ராடும் பிஸ்டனும் மாற்றி 350 ஹெச்பி வேண்டும் என்று தோன்றினால் அப்போது டர்போவுக்கு வாருங்கள். அந்த அளவில் என் கருத்து மாறவில்லை.

நாலாம்கியர்:

நல்ல தேர்வு. டிராக்கில் இன்டேக் வெப்பநிலையைக் காட்டும் மீட்டர் ஒன்றைக் கண்ணுக்கு எதிரே வையுங்கள். 60 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டுங்கள். பிரேக் பேடையும் ஃப்ளூயிடையும் மறக்க வேண்டாம், நேர்ச்சாலையின் முடிவில் இப்போது இருப்பதைவிட வேகமாக வந்து சேர்வீர்கள்.

ஸ்பேனர்செட்:

0.4 பார் என்று நீங்களே சொன்னது எனக்குப் பெரிய நிம்மதி. அந்த அளவில் நடுவில் 270, 280 நியூட்டன் மீட்டருக்குள் நிற்கும். நல்ல டியூனும் நல்ல பெட்ரோலும் இருந்தால் ராடுக்கு இடம் இருக்கிறது.

கிட்டுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் கம்ப்ரஷன் டெஸ்ட், லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துகிறதா என்று பார்க்கும் சோதனைகள்) இரண்டையும் செய்யுங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகக் குறைந்தால் பூஸ்ட் பேச்சையே அங்கே நிறுத்திவிட்டு முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். டியூன் செய்பவரிடம் இந்த எஞ்சினின் டிவிஎஸ் லாக் ஃபைலை (வண்டி ஓடும்போது இசியூவில் பதிவான தரவு) காட்டச் சொல்லுங்கள். டைனோ பேப்பர் போதாது, நாக் கரெக்‌ஷனும் ஏர் ஃப்யூயல் ரேஷியோவும் உள்ள லாக் வேண்டும். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ச்சியான ஹீட் ரேஞ்சில், இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். இந்த எஞ்சினில் பிளக் மாற்றுவது கையைக் கிழிக்கும் வேலை. கிட் பொருத்தும் அன்றே அதையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.

வளைவுப்பாதை:

லீக் டவுன் டெஸ்டுக்கு நேரம் கேட்டுவிட்டேன். எண்கள் வந்ததும் இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.